கரியை மிதக்க வைக்கும் மாப்பிள்ளை

மரக்காணம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் திருமுருகனுக்கு அப்பா சகாதேவன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். வெயில் நன்றாக அடிக்கிறது, உப்பு வாரிக்கொண்டிருக்கிறோம். ஜார்க்கண்டில் நீயும், நீ வேலை பார்க்கிற நிலக்கரி கழுவும் ஆலையும் நலம் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய். இது சிரிக்கிற விஷயம் இல்லை என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்றால், நீ உடனே வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஊருக்கு வந்து உப்பளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையில் இருக்கிறவரை உனக்குக் கல்யாணம் ஆகாது போலிருக்கிறது. வரன் பார்க்கிற இடத்திலெல்லாம் பையன் என்ன செய்கிறான் என்று கேட்கிறார்கள். கரித்தூளை மிதக்க வைக்க எந்த மருந்து போடலாம் என்று பார்க்கிறான் என்கிறேன். உடனே காபியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

திண்டிவனம் நடராசன் மகள் இலக்கியா கெமிஸ்ட்ரி படித்த பெண். அந்த இடத்தையாவது விடக்கூடாது என்று, நேரில் செய்தே காட்டிவிட முடிவு செய்தேன். போன லீவில் நீ மறந்துவிட்டுப் போன நிலக்கரித்தூள் பாட்டில், படகுக்காரரிடம் வாங்கிய டீசல், ஷாம்பு பாக்கெட்டுகள், மோர் கடைகிற மத்து எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். உன் அம்மா விருத்தாம்பாள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "பூவும் பழமும் எடுத்துக்கினு போற எடத்துக்கு டீசல் எதுக்குய்யா? பொண்ணு பாக்கப் போறமா, மோட்டார் ரிப்பேர் பண்ணப் போறமா?" என்றாள். பஸ் முழுக்க டீசல் வாசனை. எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, அது ஒன்றுதான் சௌகரியம்.

நடராசன் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே போய், இஸ்திரிப் பெட்டிக் கரி ஒன்றை எடுத்து வந்து டம்ளர் தண்ணீரில் போட்டார். அது மிதந்தது. "இன்னாங்க இது, சும்மாவே மெதக்குதே. இதுக்கா ஒங்க பையனுக்கு சம்பளம் குடுக்கறாங்க?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது அடுப்புக்கரிங்க. என் பையன் பாக்கறது நெலக்கரி, மண்ணோட கலந்து மாவாட்டம் இருக்கும். கரி மட்டும் மேல வரணும், மண்ணு கீழ நிக்கணும். டீசல் போட்டா கரியில தண்ணி ஒட்டாது, காத்துக் குமிழியப் புடிச்சிக்கும். நுரை மருந்து போட்டா குமிழி ஒடையாம நிக்கும். எத எவ்ளோ போடறதுன்னு பாக்கறதுதாங்க வேலை" என்று மூச்சு விடாமல் சொன்னேன். நீ சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆனதுதான்.

தண்ணீரோடு வாளி வந்தது. பாதித் தூளைக் கொட்டி டீசலைச் சாய்த்தேன். நல்ல காரியத்தில் கஞ்சத்தனம் எதற்கு என்று ஷாம்பு பாக்கெட்டுகள் அத்தனையையும் பிழிந்துவிட்டுக் கடைந்தேன். நுரை வந்தது, திருமுருகா. வந்துகொண்டே இருந்தது. கரி, மண் என்று பேதம் பார்க்காமல் எல்லாம் சேர்ந்து ஏறி, வாளியைத் தாண்டி, ஜமுக்காளத்தைத் தாண்டி, நடராசனின் புது வேட்டியில் போய் உட்கார்ந்தது. எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் மட்டும் குனிந்து பார்த்து, "டீசல் எத்தினி சொட்டு போட்டீங்க?" என்றாள். "சொட்டா? கண்ணளவுதாம்மா" என்றேன். பாட்டிலில் மிச்சம் இருந்த தூளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பல் தேய்க்கவோ என்னவோ என்று கொடுத்துவிட்டேன்.

கிளம்பும்போது நடராசன், "பையன் உள்ளூரோட வந்துட்டான்னா சொல்லுங்க, பேசலாம்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவமானத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். இந்தச் சாக்கிலாவது நீ வந்துவிடுவாய் அல்லவா? உன் அம்மா சோறு போடும்போது உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொள்கிறாள். நான் காதில் விழாததுபோல் சாப்பிடுகிறேன்.

ஆகவே இதைக் கண்டதும் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறவும். மாரியம்மன் உன்னையும், உன்னை விட்டுக்கொடுக்கப்போகிற உன் மேலதிகாரியையும் நல்லபடியாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
சகாதேவன்

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பினேன், நடராசனும் இலக்கியாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண் மிச்சத் தூளை வைத்து வீட்டில் சொட்டுச் சொட்டாக டீசல் விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். நம் உப்பளத்துத் தண்ணீர் ஒரு சொம்பு கேட்டாள். ஷாம்பே போடாமல், ஒரே ஒரு சொட்டு டீசல் விட்டுக் கடைந்தாள். உப்புத் தண்ணீரில் குமிழி சீக்கிரம் உடையாதாம். கரி மட்டும் மேலே வந்து நின்றது, மண் அடியில் தங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் நீ செய்கிற வேலையை இன்றுதான் கண்ணால் பார்த்தேன். பெருமையாக இருந்தது, மகனே. "எனக்குச் சம்மதம் மாமா. ஆனா அவர் அந்த வேலைய விடக் கூடாது. நானும் அங்கயே போயிடறேன்" என்றாள். நடராசன் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். உன் அம்மா அவளிடம் ஜார்க்கண்டில் குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே அழுகிறாள். ராஜினாமா எழுதாதே. நாங்கள் இங்கே இருந்துகொள்கிறோம்.