கரையில் ஒரு கரையான்

கரையான்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று மரத்தைத் தின்னும். அதைப் பற்றி உங்கள் வீட்டுக் கதவு நிலையே விவரமாகச் சொல்லும். மற்றொன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் இரண்டு கையிலும் உறையும் கழுத்தில் விசிலுமாக, ஏதாவது ஓர் ஆற்றங்கரையில் குனிந்தபடி காணப்படும். கூப்பிட்டால் நிமிராது. "ஒரு நிமிஷம்" என்று மட்டும் குரல் வரும். அந்த ஒரு நிமிஷம் முடிந்ததாக இதுவரை தகவல் இல்லை.

அடியேன் இரண்டாவது வகை.

பெயர் வைத்தது என் மகள். கரையிலேயே கிடக்கிறவர் கரையான் என்றாள். நான் அச்சகத்தில் பிழை பார்ப்பவன். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே வயிற்றைக் கழுவுகிறவன். சும்மா விடுவேனா? கரைக்குச் சின்ன ர. பூச்சிக்குப் பெரிய ற போடுகிறவர்களும் உண்டு. ஆகவே இரண்டையும் குழப்பக் கூடாது என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "உங்களுக்கு ரெண்டுமே பொருந்தும்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஒருவன் கரையான் ஆவது எப்படி? வேண்டுமென்று யாரும் ஆவதில்லை. நாலு வருஷத்துக்கு முன் என் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. தினமும் கொஞ்ச தூரம் நடக்கட்டும் என்றார் டாக்டர். அச்சகத் தெருவுக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத ஆற்றங்கரை ஒன்று இருந்தது. கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். விழுந்து கிடந்த ஒரு மரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வெயில் தணிந்திருந்தது, தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. "என்னங்க, இப்படியே உக்காந்துட்டு இருக்கலாம் போல இருக்கு" என்றாள் அவள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு பிஸ்கட் காகிதம் கண்ணில் பட்டது. அதை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன்.

அதற்கப்புறம் நான் அங்கே உட்காரவே இல்லை.

நோய் முற்றுவதைப் பேச்சை வைத்தே சொல்லிவிடலாம். முதல் மாதம் 'அந்த ஆத்தங்கரை' என்பான். மூன்றாம் மாதம் 'நம்ம ஆத்தங்கரை'. ஒரு வருஷம் கழிந்தால் 'என் கரை'. அதற்குள் துணைக்கு ஆள் சேர்ந்திருக்கும். எங்களுக்கு ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் வாய்த்தார். நாங்கள் அவரை பூட்ஸ் மாஸ்டர் என்போம். நாணல் புதரைக்கூட அவர் வரிசையில் நிறுத்தப் பார்ப்பார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் களை அக்கா இன்னொருவர். எந்தச் செடியைக் காட்டினாலும் "இது இங்க இருக்கக் கூடாதுங்க" என்பார். அக்கா அப்படிப் பிடுங்கிய செடியை மாஸ்டர் மறுநாள் வேறு இடத்தில் நட்டுவைத்த கதையும் உண்டு. காலை முழுக்க வேலை செய்துவிட்டு, பிளாஸ்க் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, மண்வாரியைக் கழுவாமல் வைத்தது யார் என்று விசாரணை நடத்துவோம். ஒருமுறை நாற்பது நாரைகள் எங்கள் தலைக்கு மேலே வட்டமடித்து எதிர்க்கரையில் இறங்கினவாம். மறுநாள் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அந்த நேரம் நாங்கள் குப்பைப் பை கிழிந்ததற்கு யார் பொறுப்பு என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மக்கள் வர வேண்டும், இயற்கையை ரசிக்க வேண்டும் என்று மனு எழுதுவதும் கரையான்தான். வந்தவர்களைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பதும் அதே கரையான்தான். கையில் தின்பண்டப் பொட்டலத்தோடு ஒருவர் நுழைந்தால் போதும், பத்தடி பின்னால் நான் இருப்பேன். அவர் நின்றால் நானும் நின்று ஏதாவது ஒரு இலையை ஆராய்வேன். கடைசியில் அந்த நல்ல மனிதர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். எனக்குச் சந்தோஷம் வர வேண்டுமா இல்லையா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏமாற்றம்தான் வரும்.

பெஞ்சுக் கதையும் இப்படித்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்து ஆற்றை ரசிக்க ஒரு பெஞ்சு வேண்டும் என்று பதினோரு மனு போட்டேன். யாருடைய முழங்காலை மனதில் வைத்து எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும். பெஞ்சு வந்தது. துருப்பிடிக்கக் கூடாதே என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பச்சை வர்ணம் அடித்தேன். 'ஈர வர்ணம், உட்காராதீர்கள்' என்ற அட்டையைத் தொங்கவிட்டேன். அட்டையைக் கழற்றுவதற்குள் அடுத்த வர்ணத்துக்கு நாள் வந்துவிடும். அதையும் மீறி ஒரு புது ஜோடி உட்கார்ந்துவிட்டால், துடைப்பத்தோடு போய், "கொஞ்சம் காலைத் தூக்கிக்கிறீங்களா" என்று கேட்பேன். தூக்கிக்கொள்வார்கள். நான் பெருக்கி முடித்து நிமிரும்போது காலும் இருக்காது, ஜோடியும் இருக்காது.

பெஞ்சுக்கு எதிரே வாசல் பக்கம் ஒரு பெரிய பலகை நிற்கிறது. 'கரையைக் காப்போம்.' அடியேனின் வாசகம். போர்டு எழுதுபவரிடம் போனிலேயே ஒவ்வொரு எழுத்தும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி எழுதவைத்தது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் திரும்பிப் போவதில்லை. குடும்பம் குடும்பமாக நின்று பல் தெரியச் சிரிப்பார்கள். கல்லூரிப் பெண்கள் பலகையைச் சுட்டிக் காட்டியே எடுத்துக்கொள்வார்கள். ஞாயிறுதோறும் ஈரத் துணியால் அதைத் துடைத்துவைப்பேன். தொழிலில் ஊரார் பிழையைத் திருத்தித் திருத்தி எனக்குக் கிடைக்காத மரியாதை, இந்த இரண்டே வார்த்தையில் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் என் மனைவி கரைக்கு வருவது நின்றுபோயிருந்தது. நின்றுபோனதை நான் கவனித்தது ஒரு வருஷம் கழித்து.

அதுவும் தற்செயலாக. ஒரு புதன்கிழமை அச்சு இயந்திரம் மக்கர் பண்ணியதால் மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சாய்ந்த கன்றுக்கு ஒரு குச்சி கட்டலாம் என்று நேரே கரைக்குப் போனேன். என் பெஞ்சில் செய்தித்தாளை விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷமாகப் புதனும் வெள்ளியும் வருகிறாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்களும் வருவீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். "உங்ககூட வந்தா ஆறு தெரியலைங்க. உங்க முதுகுதான் தெரியுது."

சுருக்கென்றது. நாலு வருஷத்தில் இந்தக் கரைக்கு என்னவெல்லாம் செய்தேன் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடியது. அவள் பாட்டுக்கு இந்த வருஷம் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். முக்குளிப்பான் குஞ்சு பொரித்ததாம். தாய் நாலு குஞ்சையும் முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தியதாம். இந்தக் கரையில் முக்குளிப்பான் வாழ்கிறது என்று பதினோரு மனுவிலும் எழுதியவன் நான். ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. முழுகின பறவை எங்கே எழும்பும் என்று காத்துக்கொண்டிருந்தால் குப்பையை யார் எடுப்பது?

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "ஒரு மணி நேரம் இங்க உக்காருங்க. எந்திரிக்காம இருந்தீங்கன்னா இனிமே சேர்ந்தே வரலாம். எந்திரிச்சீங்கன்னா புதனும் வெள்ளியும் என்னோடது. ஞாயிறு உங்களோடது."

உட்கார்ந்தேன். பெஞ்சு இவ்வளவு வசதியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நாலாவது நிமிடம் காலடியில் ஒரு பாட்டில் மூடி தெரிந்தது. அதன்மேல் செருப்புக் காலை வைத்து மறைத்துக்கொண்டேன். ஒன்பதாவது நிமிடம் ஒரு பாலிதீன் பை தண்ணீரில் மிதந்து வந்து, நாணலில் மாட்டி, என்னைப் பார்த்து ஆடியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பதினைந்தாவது நிமிடம் அந்தப் பக்கமாக வந்த பூட்ஸ் மாஸ்டர் பதறிப்போய் எனக்கு உடம்பு சரியில்லையா என்று என் மனைவியிடம் விசாரித்தார். தரையைப் பார்த்தால் மூடி, தண்ணீரைப் பார்த்தால் பை. எங்கேதான் பார்ப்பது? ஆறுதலுக்கு என் பலகையைப் பார்த்தேன். இரண்டு வருஷமாகத் துடைத்திருக்கிறேனே தவிர, எதிரே உட்கார்ந்து படித்ததில்லை. படித்தேன்.

'கறையைக் காப்போம்.'

பெரிய ற. மூன்றடி உயரத்தில், சிவப்பில். அந்தக் குடும்பங்கள், அந்தச் சிரிப்பு, சுட்டிக் காட்டிய கல்லூரிப் பெண்கள், எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே வந்து போயின. போர்டு எழுதியவரைத் திட்ட வாயெடுத்தேன். அன்றைக்குப் போனில் நான் சொன்னது காதில் ஒலித்தது. "கரைங்கிறதுதான் முக்கியம். ரை நல்லாப் பெருசா இருக்கணும்." அவர் சொன்னபடிதான் செய்திருக்கிறார்.

நான் எழ ஆரம்பித்துவிட்டேன். எனக்கும் பெஞ்சுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா."

"ஏன் சொல்லல?"

"என்னைக்காவது இங்க வந்து உக்காந்தா நீங்களே படிச்சுக்குவீங்கன்னு இருந்தேன்."

அந்த நாலு விரல் உயரத்திலேயே நின்றேன். மேலே போனால் பலகை. கீழே போனால் அவள். திடீரென்று அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அதோ, அதோ பாருங்க" என்றாள். நாணல் ஓரமாகக் கைப்பிடி அளவில் பழுப்பாக ஒன்று மிதந்தது. சரியாகப் பார்ப்பதற்குள் முழுகிவிட்டது. எங்கே எழும்பும்? இடப் பக்கமா, வலப் பக்கமா? எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது, உட்கார்ந்திருந்தேன். அவள் வலப் பக்கம் என்றாள், நான் இடப் பக்கம் என்றேன். அது அந்தப் பாலிதீன் பையின் பக்கத்திலேயே எழும்பி, இரண்டு பேரையும் முட்டாளாக்கியது. சிரித்தோம். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று!

நாலு விரல் எழுந்ததை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று வாதம் நடந்தது. பாதி எழுந்ததற்குப் பாதிதான் என்று தீர்ப்பாயிற்று. இப்போது புதன்கிழமை இரண்டு பேருக்கும் பொது. வெள்ளி இன்னும் அவளுடையதுதான்.

இதுவரை படித்த நீங்கள், நல்ல வேளை நாம் இப்படியில்லை என்று சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். சந்தோஷம். போகிறபோக்கில் ஒன்று சொல்கிறேன்: இந்தப் பக்கங்களில் எங்கோ ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. என்ன, கண் அதற்குள் மேலே ஏறிவிட்டதா? தேடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சற்று முன் உங்களிடம் ஏதோ சொன்னாரே, அது என்னவென்று மட்டும் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஞாபகம் வரவில்லையா? ஞாயிறு காலை ஆறரைக்கு வந்துவிடுங்கள். உறை நான் கொண்டுவருகிறேன்.