கேப்டனுக்கு நான் கொடுத்த லீவு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் அன்றைக்கு நீங்கள் எங்கள் வீட்டுப் படி இறங்கிப்போன வேகத்தைக் கண்ணால் பார்த்தவன் என்பதால், உங்கள் ரத்த அழுத்தத்தையும் தனியாக நலம் விசாரித்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் பணிவான வணக்கத்தைச் சொல்லவும். போகிற கோபத்தில் ஒரு காலில் உங்கள் செருப்பும் மறு காலில் என் செருப்புமாகப் போய்விட்டீர்கள். அதைத் திருப்பிக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். மிச்சமிருந்ததைப் போட்டுக்கொண்டு நானும் இரண்டு வாரமாகக் கடைக்குப் போய்வருகிறேன். உங்கள் செருப்பு கொஞ்சம் பெரிது, மற்றபடி வசதியாகவே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். "இந்தச் சம்பந்தமே எங்களுக்கு வேண்டாம்" என்று வாசலில் நின்று சொன்னீர்களே, அந்த வார்த்தையை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். மூட்டுவலி இருப்பதால் எழுப்பிவிட ஆள் மட்டும் வேண்டும். என் மகளும் உங்கள் மகனும் மூன்று வருஷம் பழகி, ஒருவரையொருவர் புரிந்துகொண்டு, நம் நாலு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்கப் பட்ட பாடு நமக்குத் தெரியாததல்ல. பணம், படிப்பு, அந்தஸ்து எதிலும் முட்டிக்கொள்ளாத இரண்டு குடும்பங்கள் ஒரு கதைப் புத்தகத்தில் முட்டிக்கொண்டு பிரிந்தன என்று தெரிந்தால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அந்தக் குழந்தைகள் யார் முகத்தில் விழிப்பார்கள்?

இவ்வளவுக்கும் காரணம் நான் சொன்ன ஒரு பொய். முதல்முதலாக உங்கள் வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள்தான் அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, "பத்து வயசுல படிச்சது சம்பந்தி. வருஷத்துக்கு ஒரு தடவ இன்னும் படிக்கிறேன். இந்தக் கேப்டன் மாதிரி ஒரு ஆள் கிடையாது. சொன்ன நாளுக்கு வந்து நிப்பாரு" என்றீர்கள். நானோ பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போட்டே தலை நரைத்தவன். அட்டவணையைத் தவிர வேறு எதையும் முழுதாகப் படித்ததில்லை. ஆனாலும் என் மனைவி கண்ணால் காட்டிய ஜாடைக்குப் பயந்து, "ஆஹா, அருமையான புத்தகம், எத்தனை தடவை படிச்சிருப்பேன்" என்று அடித்துவிட்டேன். உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கே உண்மை போலத் தோன்றியது. மறுநாளே நூலகத்தில் போய் அதை வாங்கிவந்தேன். சனியன் அன்றைக்கு என் பையில் ஏறி வீட்டுக்கு வந்தது.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் நான் ஒழுங்காகப் படித்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். கேப்டனின் நண்பனைக் காட்டுத் தலைவன் பிடித்து வைத்துக்கொள்கிறான். மலைக் கோட்டையில் கிடக்கும் தன் கூட்டத்தாரின் வெண்கல முரசைப் பௌர்ணமி நிலா உதிப்பதற்குள் கொண்டுவந்து அடித்துக் காட்டினால் நண்பன் பிழைப்பான், இல்லையென்றால் முதலைக் குளம். கேப்டன் ஆற்றைத் தாண்டி, சதுப்பில் புதைந்து, யானையின் காலில் முள் எடுத்து, கடைசி நிமிஷத்தில் முரசோடு வந்து சேர்கிறார். படித்து முடித்ததும் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது என்பதை மறைக்கவில்லை. அதோடு விட்டிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். கேப்டனுடைய பயணத்தை நாள்வாரியாக ஓர் அட்டவணையாகப் போட்டு, சட்டம் போட்டு, கல்யாணப் பரிசாக உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. பழக்கதோஷம்.

முதலில் சாப்பாட்டு மேஜையில் அடங்கிய காகிதம், யானை வந்ததும் சுவருக்கு ஏறியது. கேப்டனுக்கு ஒரு வரி, முரசு தூக்குகிறவர்களுக்கு ஒரு வரி, நிலாவுக்கு ஒரு வரி, மழைக்கு ஒரு வரி என்று நீண்டு, ஹால் சுவர் போதாமல் குளியலறைக் கதவுவரை போயிற்று. நடுவில் சுவிட்ச் பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டு, "சார் போலீஸ்ல இருந்தீங்களா?" என்று கேட்டுக் கூலியில் பாதியைக் குறைத்துக்கொண்டான். சதுப்பு நிலம் குளியலறைக் கதவில் வந்ததால், யாராவது குளிக்கப் போகும்போதெல்லாம் கேப்டன் கதவோடு சேர்ந்து உள்ளே போய் ஈரமாகி வந்தார். நாலு காகிதம் மாற்றினேன்.

கணக்கென்றால் ஆதாரம் வேண்டும் இல்லையா? அடர்ந்த புதருக்குள் சுமையோடு ஒரு மனிதன் என்ன வேகத்தில் நடப்பான் என்று பார்க்க, வீட்டிலிருந்த பெரிய அண்டாவைத் துணியில் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். காவலாளி வேலியோரப் புதரை விலக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன சார் பண்றீங்க?" என்றார். "அஞ்சாவது அத்தியாயத்துல இருக்கேன்பா" என்றேன். அவர் வாசல்வரை கூடவே வந்து வழியனுப்பிவைத்தார். அடுத்து, ஏணியில் ஏறி மலைக் கோட்டையை ஒட்டும்போது கால் பிசகி விழுந்தேன். வலியிலும் ஒரு சந்தோஷம். கேப்டனுக்கும் கணுக்கால் பிசகுகிறதே! அவருக்கு ஒரே ராத்திரியில் சரியாகிறது, எனக்கு வாரக் கணக்கில் ஆயிற்று. அந்த வித்தியாசத்தையும் அட்டவணையில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டேன். முள் எடுத்த யானை எத்தனை நாளில் எழுந்து நடக்கும் என்று, கால்நடை மருத்துவரான என் மகளிடமே கேட்டேன். "அப்பா, எங்கிட்ட வர்றது நாயும் பூனையும். யானை வந்தா க்ளினிக் வாசல்லயே மாட்டிக்கும்" என்றாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இத அவரோட அப்பாவுக்காகத்தானே செய்றீங்க?" என்று கேட்டு என் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தாள். அதற்காகவே இன்னும் இரண்டு சுவர் ஒட்டியிருப்பேன்.

கடைசியில் கூட்டிப் பார்த்தால், தலையில் இடி! என் கணக்குப்படி கேப்டன் முரசோடு வந்து சேர்வது பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து. அதற்குள் முதலை சாப்பிட்டு, தூங்கி, எழுந்திருக்கும். இதை நான் என்னோடு புதைத்திருக்க வேண்டும். வாய் சும்மா இருந்ததா? நீங்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று காலை, செருப்பைக்கூட நீங்கள் கழற்றவில்லை, "சம்பந்தி, உங்க கேப்டன் லேட்டு" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை நீங்களே அறிவீர்கள். நீங்கள் புத்தகத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தீர்கள். பதிவு அலுவலகத்தில் ஏதோ விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் எல்லாம் கிளம்பி நின்றார்கள். ஒரு காகிதத்தைக் கொடுக்க ஆறு பேர் எதற்கு என்று நீங்கள் கேட்டீர்கள், நியாயம்தானே என்று நானும் ஆமோதித்தேன். அவர்கள் போனார்கள், நாம் காட்டுக்குள் போனோம். விடுதி மேலாளராகவே காலம் தள்ளிய நீங்கள், உங்கள் விடுதிக் கணக்கை எடுத்தீர்கள். பகல் பன்னிரண்டிலிருந்து மறுநாள் பன்னிரண்டுவரை ஒரு நாள். குகைக்குச் சாயங்காலம் வந்து மறுநாள் காலை கிளம்பினால் அது ஒரே நாள், இரண்டு தேதி என்று எழுதக்கூடாது என்றீர்கள். அப்படிக் கழித்துக் கழித்துக் கேப்டனைப் பௌர்ணமிக்கு ஒரு நாள் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். "அப்ப அன்னிக்கு எப்படி முழு நிலா வந்துச்சு?" என்று நான் கேட்டது தப்புதான். "என் கேப்டனப் பத்திப் பேச பஸ் டிப்போக்காரருக்கு என்ன யோக்கியதை?" என்று நீங்கள் கேட்டதும், "ரூமுக்கு சாவி குடுக்கிறவருக்குக் காட்டப் பத்தி என்ன தெரியும்?" என்று நான் கேட்டதும் கடுகு வெடித்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக வந்துவிட்டன. விளக்கு ஏற்றும் வேளையில் சம்பந்தம் முறிந்தது.

நீங்கள் போனபின் வீடு வீடாக இல்லை. மகள் மறுநாளே பயிற்சி வகுப்பு என்று பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். மனைவி சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை. நேற்றுத்தான் அட்டவணை முன்னால் நின்று விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ராத்திரி முழுக்கத் துடுப்புப் போட்ட கேப்டன் மறுநாள் என்ன பண்றாரு?"

"ஓய்வு."

"புத்தகத்துல எங்க போட்டிருக்கு?"

புரட்டினேன். முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன். எங்கேயும் இல்லை! இரவுப் பணி பார்த்தவருக்கு மறுநாள் ஓய்வு என்பது எங்கள் பணிமனை விதி. மீறி அட்டவணை போட்டால் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் பயத்திலேயே வாழ்ந்த கை, கேட்காமலேயே கேப்டனுக்கு லீவு எழுதியிருக்கிறது. அவருக்கு மட்டுமா? முரசு தூக்குகிறவர்களுக்கும், யானைக்கும்கூடக் கொடுத்திருக்கிறேன். என் மனைவி சிரிக்கவில்லை. "அந்தக் காட்டுல டிப்போவும் இல்ல, லாட்ஜும் இல்ல. சூரியன் ஒண்ணுதான் இருந்துச்சு. அத வெச்சு எண்ணுங்க" என்றாள். என் லீவையும் எடுத்து, உங்கள் பன்னிரண்டு மணியையும் எடுத்து, பொழுது விடிவதும் அடைவதுமாக எண்ணினேன். கேப்டன் சரியாகப் பௌர்ணமி மாலை வந்து நிற்கிறார்.

ஆகவே சம்பந்தி, நீங்கள் சொன்னதே சரி. சொன்ன நாளுக்கு வந்து நிற்கிற ஆள்தான் அவர். நான் சுவரைத் துடைத்துவிட்டேன், பசை மட்டும் போகவில்லை. உங்கள் கோபத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளின் கல்யாணத்துக்கு ஒரு நல்ல நாளை நீங்களே குறித்துச் சொல்லுங்கள். முதல் ஆளாக மண்டபத்து வாசலில் நின்று உங்களை வரவேற்பேன். என் மகள் என் ஒரே மகள். அவள் மாலையும் கழுத்துமாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வயதில் எனக்கு வேறு ஆசை இல்லை. உங்கள் இல்லத்தில் எல்லோரும் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் பெற்று, குறிப்பாகக் கோபம் குறைந்து வாழ வாழ்த்தும்,

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி ஆக இன்னும் காத்திருப்பவன்

பின்குறிப்பு: உறையில் போடுமுன், பிழை பார்க்கச் சொல்லி இதை என் மனைவியிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "யாராவது ஒருத்தர் எறங்கி வரட்டும், அப்புறம் சொல்லலாம்னு நானும் சம்பந்தியம்மாவும் பேசி வெச்சிருந்தோம்" என்று ஆரம்பித்தாள். சம்பந்தி, அன்றைக்கு அவர்கள் விண்ணப்பம் கொடுக்கப் போகவில்லையாம். விண்ணப்பம் ஒரு மாதம் முன்பே கொடுத்தாகிவிட்டது. அன்றைக்குத்தான் கல்யாணம்! ஆடம்பரம் வேண்டாம், பதிவு செய்தால் போதும் என்று சொன்னதும் நாம்தானாம், தேதிக்குத் தலையாட்டியதும் நாம்தானாம். "எத்தனை தடவ கூப்பிட்டோம்? நீங்க முன்னாடி போங்க, பின்னாடியே வர்றோம்னு ரெண்டு பேரும்தான சொன்னீங்க? அந்த நேரம் போனா இன்னும் ஒரு மாசம் காத்திருக்கணும்னு அங்க சொல்லிட்டாங்க" என்கிறாள். இரண்டு அம்மாக்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மகள் போனது பயிற்சி வகுப்புக்கு இல்லை, உங்கள் மகனோடு வாடகை வீட்டுக்கு. பயிற்சிக்கு எதற்கு மிக்சியை எடுத்துச்செல்கிறாள் என்று நானும் கேட்கவில்லை.

நம்மிடம் சொல்லாமலும் இல்லையாம். திரும்பி வந்ததும் இருவரும் நேராக நம் முன்னால்தான் வந்து நின்றார்களாம். உங்கள் மகனிடம் நீங்கள், "தள்ளி நில்லுப்பா, வெளிச்சத்த மறைக்கிற" என்றீர்களாம். சம்பந்தியம்மா நீட்டிய இனிப்பை நான் நிமிராமலே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை அதிகம் என்றேனாம். என் மகள் "அப்பா" என்று கூப்பிட்டாளாம். "கொஞ்சம் இரும்மா, இந்த ஆத்தத் தாண்டிட்டு வந்துடறேன்" என்று சொன்னேனாம். அவள் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம்.

எனவே மேலே எழுதியதில் எதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டாம். நாள் குறிக்க வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம், நாம் சம்பந்திகளாகி இரண்டு வாரம் ஆகிறது. ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அன்றைக்கு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், நீங்கள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். மனைவியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் பெண் அன்றைக்கு என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்று உங்களுக்காவது ஞாபகம் இருந்தால், உடனே ஒரு வரி எழுதிப் போடுங்கள்.