தொப்பிக்காரர் ஏணியில் நின்ற பக்கம்

பெண் கேட்டுப் போகிறவனுக்குப் பொய் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது, எதை மறைத்தோம் என்று ஞாபகம் வைத்திருக்கவும் தெரிய வேண்டும். எனக்கு இரண்டாவது சுத்தமாக வராது.

தொண்ணூறுகளின் கடைசி. வேளாண்மைப் பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு பெரக்கரை நாட்டில் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். (எங்கள் மலையில் நாடு என்றால் நாலைந்து சிற்றூர்கள் சேர்ந்த பகுதி.) திண்ணனூர் நாட்டில் செல்வியைப் பார்த்ததும் பிடித்துப்போய்ப் பெண் கேட்டோம். அவளுடைய அப்பா மிளகுத் தோட்டமே கதி என்று கிடப்பவர். "படிப்பு சரிங்க தம்பி, மொளகுக் கொடி வாடுனா என்ன பண்ணுவீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்கு விடை தெரியாது. (நாலு வருஷம் என்னத்தைப் படித்தாய் என்று கேட்காதீர்கள், எங்கப்பாவே கேட்டுச் சலித்துவிட்டார்.)

"அதைப் பத்தி ஒரு புஸ்தகமே எழுதிட்டிருக்கேனுங்க மாமா" என்று வாய் தானாகச் சொன்னது.

மறுநாளே மலை இறங்கினேன். நூலகத்தில் மிளகு பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை எடுத்து, வாடல் நோய் வரும் பக்கங்களை மட்டும் செராக்ஸ் கடையில் கொடுத்தேன். (முழுப் புத்தகத்தையும் நகலெடுப்பது தப்பு, தேவையான கொஞ்சம் பக்கம் எடுப்பது நியாயம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு யோக்கியன்!) ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஆசிரியர் பெயர் அச்சாகியிருந்தது. அதன்மேல் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை வைத்து எடுக்கச் சொன்னேன். பேரு மறையுதே தம்பி என்றார் கடைக்கார பாய். மறையட்டும் என்றேன். என் பெயரும் பட்டமும் போட்ட அட்டையைச் சேர்த்து, ஒரு கட்டுப் பிரதிகளோடு பஸ் ஏறினேன்.

அதில் சொன்னபடி மாமா மருந்தடித்தார். கொடி பிழைத்தது. ஊரெல்லாம் பிரதிகள் கொடுத்தார், நிச்சயத்துக்கு நாள் பார்த்தார். 'தம்பி' போய் 'மாப்ள' ஆனேன். தரையில் கால் பாவவில்லை எனக்கு.

அந்த வாரம் வாசலூர்பட்டி ஏரிப்பக்கம் விவசாயிகள் கூட்டம். ஓய்வு பெற்ற விஞ்ஞானி ஒருவர் சிறப்பு விருந்தினர். மாமா என்னையும் இழுத்துக்கொண்டு மேடையேறி, என் 'புஸ்தகத்தை' அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். மைக்கில் விருந்தினர் பெயரைச் சொன்னபோது எங்கேயோ பார்த்த பெயர் மாதிரி இருந்தது. (எங்கேயோ என்ன எங்கேயோ! தாள் துண்டுக்கு அடியில்தான்.)

விருந்தினர் பக்கங்களைப் புரட்டினார். ஒரு படத்தில், அகலத் தொப்பி போட்ட இளைஞர் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். மாமா படத்தைப் பார்த்தார், விருந்தினர் தலையில் இருந்த அதே மாதிரி அகலத் தொப்பியைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது நீங்களாட்ட இருக்குதுங்களே?"

"நானேதாங்க."

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளை உங்களையே போட்டோ பிடித்திருக்கிறார் பாருங்கள் என்று என் தோளைத் தட்டினார். பெரியவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"இதை எடுத்தப்ப எனக்குக் கல்யாணமே ஆகலீங்க. தம்பி அப்ப பொறந்திருந்தீங்களா?"

கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. நாலு பக்கம் நகலெடுத்து விவசாயிகளுக்குக் கொடுத்ததில் தனக்குச் சந்தோஷம்தான் என்றார் பெரியவர். "பேரை மட்டும் எதுக்குங்க மறைச்சீங்க?" என்று கேட்டார். ஏரியில் குதித்துவிடலாம் போலிருந்தது. நீச்சல் தெரியாது.

பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது சொன்னார். "குடுத்த ஊட்டுக்கெல்லாம் போயி அவரு பேரை எழுதிட்டு வாங்க தம்பி. நிச்சயத்தை அப்புறம் பேசிக்கலாம்."

மறுபடி தம்பி! செல்வி கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில், பேனாவோடு ஒற்றையடிப் பாதைகளில் ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. இன்னொரு வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இருந்த பக்கத்திலும் விடாமல் எழுதினேன்.

கடைசியாகச் செல்வி வீடு. அவளே வாசலுக்கு வந்து பிரதியை நீட்டினாள். ஆசிரியர் பெயர் அட்டையில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"நானே எழுதிட்டேனுங்க. உங்க பேரை அடிக்கல. பக்கத்துல 'செராக்ஸ் எடுத்தவர்'னு சேத்திருக்கேன்."

உள்ளே மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. "வெயில்ல நிக்காதீங்க மாப்ள, உள்ள வாங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

போன பொங்கலுக்கு வீட்டில் கோழிக்குழம்பு. விருந்தாளிகள் கைப்பக்குவத்தைப் புகழ, அடுப்பை மட்டும் பற்றவைத்த நான் அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"அப்பா, மேல வெச்ச தாளை எடுங்க. அம்மா பேரு தெரியட்டும்."