மூன்று பிரவுசரும் ஒரு எஞ்சினும்

மனைவியை எதிர்த்துப் பேசாமலே அவளைத் தோற்கடித்துவிடுவது என்று ஒரு புதன்கிழமை காலையில் சோலைமலை முடிவெடுத்தார். எதிர்த்துப் பேசித் தோற்கடிக்கும் வழியைப் பதினான்கு வருடமாக முயன்று பார்த்துக் கைவிட்டிருந்தார்.

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே அவருக்கு ஒரு கொமினிகேஷன் கடை. இரண்டு டெலிபோன், ஒரு போட்டோகொப்பி மெஷின், பிரிண்டரோடு இன்டர்நெட் இழுத்த கம்ப்யூட்டர் ஒன்று. 2005ஆம் ஆண்டில் அந்தக் கடைத்தெருவில் அது பெரிய அந்தஸ்து. அந்தக் கம்ப்யூட்டர்தான் அவருக்கு வினையாக வந்தது. கண்டியில் ஆறு வாரம் தங்கிப் படிக்கும் கம்ப்யூட்டர் வகுப்பு, பெண்களுக்கு மட்டும் என்று ஒரு செய்தி. மனைவி ஜீவராணி துள்ளிக் குதித்தாள். இன்டர்நெட்டில் மட்டும்தான் விண்ணப்பிக்கலாம். வெள்ளிக்கிழமை நாலு மணியோடு சரி.

ஆறு வாரம்! அடுப்பில் சோலைமலைக்குத் தெரிந்த ஒரே வேலை பக்கத்தில் உட்கார்ந்து குளிர்காய்வது. அவள் கையால் சுடும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இல்லாமல் நாற்பத்திரண்டு நாள் உயிரோடு இருப்பது எப்படி? ஆனால், அவள் கேட்ட வேகத்தில் "தாராளமா போ ராணி" என்று வாய் தவறிச் சொல்லித் தொலைத்திருந்தார்.

அப்போதுதான் தெய்வம் கண் திறந்தது. விண்ணப்பத்தில் பெயர் எழுத இடம் இருந்தது, விலாசம் எழுத இடம் இருந்தது, அனுப்பும் பொத்தானை மட்டும் காணவில்லை. கடையிலிருந்த பிரவுசருக்கு அந்தப் பக்கத்தை முழுதாகக் காட்டத் தெரியவில்லை. சோலைமலைக்குச் சந்தோஷத்தில் விக்கலே வந்துவிட்டது.

பக்கத்துத் தையல்கடை இராமையா ஓடிவந்தார். அவர் மனைவி பேச்சியம்மாவும் அதே வகுப்புக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வேற பிரவுசர் போட்டா பொத்தான் வந்துருமாமே?"

"போடத்தான் போறேன். மூணு போடுறேன்."

"ஐயோ, குடியைக் கெடுக்காதீங்கண்ணே!"

"பதறாதய்யா. மூணுக்கும் சட்டைதான் வேற. உள்ள ஓடுற எஞ்சின் அதே பழசுதான்."

அன்றைக்கே மூன்றையும் ஏற்றினார். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்றில் மயில் படம்.

"பாரு ராணி, ஒனக்காக மூணு! எந்தப் புருஷன் செய்வான்?"

"ஒருத்தரும் செய்ய மாட்டாங்க" என்றாள் ஜீவராணி.

பச்சையில் பொத்தான் இல்லை. சிவப்பிலும் இல்லை. மயிலும் கைவிரித்தது. சோலைமலை முகத்தைத் தொங்கப்போட்டு, உள்ளே கும்மாளமிட்டார்.

"ஏங்க, மூணும் எப்படிங்க ஒரே எடத்துல நொண்டுது?"

"அது... தற்செயலு."

"எங்கப்பா வட்டவளையில தேயிலை பெக்டரில எஞ்சின் பாத்தவரு. மூணு ரோலரும் ஒண்ணா நின்னா, ரோலரைத் தட்டிப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டாரு. நேரா எஞ்சின்கிட்டதான் போவாரு."

சோலைமலை அவசரமாகப் போட்டோகொப்பி மெஷினைத் துடைக்கத் தொடங்கினார். நல்லவேளை, அவளே இறங்கி வந்தாள்.

"சரி விடுங்க. நீங்க நாலும் படிச்சவரு, எனக்கென்ன தெரியும்? நான் எதையாச்சும் தொட்டு மெஷினைக் கெடுத்துறக் கூடாது பாருங்க. தொடக் கூடாதது எதுன்னு சொல்லிருங்க."

நாலும் படிச்சவரு! பதினான்கு வருடத்தில் முதல் பாராட்டு. சோலைமலை நெஞ்சை நிமிர்த்தினார்.

"மேசை லாச்சிக்குள்ள ஒரு சீடி கெடக்கு. அதுல உள்ள பிரவுசரை மட்டும் தொட்டுறாத. அது தனி எஞ்சின். இதுங்களோட ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. இதுங்க மறைக்கிறதையெல்லாம் அது தொறந்து காட்டிரும்."

"அம்மாடி, பொல்லாததுங்க அது!" ஜீவராணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சொன்னதன் பொருள் சோலைமலைக்கு அப்போதும் உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே, கடையை அவளிடம் விட்டுவிட்டு, இராமையாவை வெற்றி விருந்துக்கு இழுத்துப் போனார். ஆளுக்கு நாலு வடை, ரெண்டு பிளேன்டீ. நாலேகாலுக்குத் திரும்பினால், கடைக்குள் ஜீவராணியும் பேச்சியம்மாவும் ஆளுக்கொரு தாளை விசிறிக்கொண்டு நின்றார்கள். 'வகுப்பில் உங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது' என்று இரண்டிலும் கொட்டை எழுத்தில் இருந்தது.

"சீ... சீடியைத் தொட்டியா?"

"சத்தியமா தொடலைங்க. கைலேஞ்சித் துணியால புடிச்சுத்தான் போட்டேன்." ஜீவராணி பூரித்துப்போயிருந்தாள். "பொத்தானை இம்மாம் பெருசா காட்டுச்சுங்க! இனிமே அது கடையிலயே இருக்கட்டும். எல்லாத்துக்கும் ஒரே எஞ்சின்னா, அது காட்டாததை ஊர்ல ஒருத்தருமே பாக்க முடியாதுல்ல?"

இராமையா அங்கேயே ஸ்டூலில் சரிந்தார். சோலைமலை கடைசி அஸ்திரத்தை எடுத்தார். தன் வயிற்றைப் பற்றிப் பேச வெட்கமாயிருந்ததால், பக்கத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போ ராணி, நான் தடுக்கல. ஆனா பேச்சியம்மாவும் போனா இந்த இராமையா கெதி என்ன? ஆறு வாரம் யாரு ஆக்கிப் போடுறது?"

"அதையும் போர்ம்ல கேட்டிருந்தாங்கங்க" என்றாள் ஜீவராணி. "நாங்க இல்லாதப்ப வீட்டுல சமைக்கிறது யாருன்னு. ரெண்டு போர்ம்லயும் உங்க பேரைத்தான் போட்டிருக்கோம்."