நாலாவது ஆளுக்குப் போட்ட துண்டு

கடலூர் ஜில்லாவின் முழங்கால்கள் அனைத்தும் நம்பியிருக்கும் என் அக்கா மகள் நித்யஸ்ரீக்கு, சிதம்பரத்திலிருந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உன் மாமா கனகசபேசன் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை சிவகாமுவும் உடம்புக்குச் சுகம். என் மானத்துக்குத்தான் ரெண்டு நாளாக நூற்றிப்பத்து டிகிரி ஜுரம். போனில் சொன்னால் நடுவில் ஒரு பொய்யைச் செருகித் தப்பித்துவிடுவேன் என்று தெரிந்ததால் காகிதத்தில் எழுதுகிறேன்.

முந்தாநாள் நீ போனில், "மாமா, மிஷின் வச்சவங்களுக்கெல்லாம் வலி செமையா குறைஞ்சிருக்கு! வெள்ளிக்கிழமை காலேஜ்ல இதைத்தான் காட்டப் போறேன்" என்று குதித்தாயே, அந்தக் குதிப்பில் கொள்ளிடத்துப் பாலமே ஆடியிருக்கும். அதைக் காட்டாதே, கண்ணு. படிப்புக்காக நீ செய்த அந்த ஆராய்ச்சி கெட்டுவிட்டது. கெடுத்தவன் நான்.

ரிட்டையராகிச் சும்மா இருந்த என்னை உன் கிளினிக்கில் பேர் பதிய உட்கார வைத்தபோது நீ தெளிவாகத்தான் சொன்னாய். முழங்கால் வலிக்காரர்களில் பாதிப் பேருக்கு வெறும் பயிற்சி, பாதிப் பேருக்குப் பயிற்சியோடு வலி குறைக்கிற புது மிஷின். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு, பேரைப் பதிந்த பிறகுதான் காட்டும். ரெண்டு பக்கமும் ஆள் சமமாக வர, நாலு பேர் ஒரு கட்டு, ஆறு பேர் ஒரு கட்டு என்று கலந்து குலுக்க வேண்டும். எந்தக் கட்டு எப்போது வரும் என்று கிளினிக்கில் ஒருவருக்கும் தெரியக் கூடாது, அதனால் புள்ளியியல் லூயிஸ் சார் கடலூரிலிருந்து வந்து சாஃப்ட்வேரில் அமைத்துத் தருவார் என்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக நின்றவன், நான் விசில் ஊதாமல் சூரியனே கிழக்கே கிளம்பியதில்லை, எனக்கு ஒரு எண்ணைத் தட்டத் தெரியாதா? "லூயிஸ் சாருக்கு எதுக்கும்மா அலைச்சல், மாமா பாத்துக்கறேன்" என்று உன்னிடம் பாஸ்வேர்டைப் பிடுங்கி, எல்லாக் கட்டுக்கும் நாலு என்றே தட்டினேன். டிரிப் என்றால் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறியது.

அப்புறம்தான் சனி பிடித்தது. நாலு பேரில் ரெண்டு மிஷின், ரெண்டு பயிற்சி. முதல் மூணு பேருக்கு என்ன வந்தது என்று பார்த்தால், நாலாவது என்ன என்று வாசலில் படுத்திருக்கும் நாயே சொல்லிவிடும். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்த கை சும்மா இருக்குமா? கீரப்பாளையத்திலிருந்து பழைய டிரைவர் கதிர்வேல் வந்தார். சிரித்த முகம், பச்சைத் தண்ணீர் கொடுத்தாலே குணமாகிற உடம்பு. அடுத்தது பயிற்சி வரும் நேரம். "மச்சான், இப்ப உள்ள வராத, ஒரு டீ சாப்ட்டு வா" என்று அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் பின்னால் காத்திருந்த மங்கலம் அக்காவை உட்கார வைத்தேன். அவுங்க வலியைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிற வைத்தியருக்கே முட்டி வீங்கும். இப்படியே எனக்குப் புடிச்சவங்க, தெம்பா இருக்கறவங்களுக்கெல்லாம் மிஷின், புலம்பறவங்களுக்கெல்லாம் பயிற்சி. எதிர் டீக்கடைக்காரர் என் புண்ணியத்தில் மாடி எடுக்கிறார். அப்புறம் மிஷின் ஜெயிக்காம என்ன செய்யும்? ஜெயிச்சது மிஷின் இல்ல கண்ணு, மாமா போட்ட துண்டு.

இதை உன் அத்தையிடம் பெருமையாக வேறு சொன்னேன். "இடம் புடிக்கிறதுக்கு அது இன்னா குமராட்சி மினி பஸ்ஸா? அந்தப் பொண்ணு உசுரக் குடுத்துப் படிச்சத கெடுத்துட்டு வந்து பல்ல இளிக்கிறீங்களே!" என்றாள். அதற்கே அரை உயிர் போயிற்று. மீதியை மங்கலம் அக்கா எடுத்துக்கொண்டார்கள். நேற்று கீழ வீதியில் பார்த்து, "தம்பி, உங்க தயவுல எனக்கு பயிற்சியாவது கெடைச்சுது" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதற்கு நடராஜர் தூக்கிய காலாலேயே என்னை ஓர் உதை விட்டிருக்கலாம்.

லூயிஸ் சாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அவர் திட்டவில்லை. "சரிங்க ஐயா" என்றார். திட்டியிருக்கலாம். நான் பதிந்த பேர்களை எல்லாம் நீக்கிவிட்டு, நடந்ததைக் காலேஜில் மறைக்காமல் சொல்ல வேண்டுமாம். இனி வருகிறவர்களுக்கு அவரே கட்டுகளைக் கலந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் அமைத்துவிட்டார். உன் படிப்பு முடிவது தள்ளிப்போகும் என்பதை எழுதும்போது பேனா கூட என்னைப் பார்த்துக் காறித் துப்புகிறது. வெள்ளிக்கிழமை நானே வந்து உன் பக்கத்தில் நின்று, "கெடுத்தது நான்தான், அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று சொல்கிறேன். பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி அந்தக் கிளினிக் வாசற்படியை மிதித்தால் என் பெயர் கனகசபேசன் இல்லை.

உன் அம்மாவிடம் பக்குவமாகச் சொல். அக்கா கையில் கரண்டி இல்லாத நேரமாகப் பார். தில்லைக் காளி உனக்குத் துணை நிற்கட்டும். என் பக்கம் மட்டும் இப்போதைக்குத் திரும்ப வேண்டாம்.

குனிந்த தலையோடும் அதனால் வந்த கழுத்துப் பிடிப்போடும்,
உன் மாமா
கனகசபேசன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. வாசற்படியை நான் மிதிக்கவில்லை, எதிர் டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவர்களிடம் "இன்னா வந்துது?" என்று சும்மா விசாரித்ததில், அடுத்தது மிஷின்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு என்னை அப்படித் திட்டிய உன் அத்தை, முட்டியைத் தடவிக்கொண்டே பக்கத்தில் வந்து, "அடுத்தது இன்னாங்க வரும்?" என்றாள். சத்தியமாக நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணால்தான் காட்டினேன். விறுவிறு என்று போனாள். மிஷின் கிடைக்காமல், கையில் வெறும் பயிற்சிப் படத்தோடு திரும்பி வந்தாள். லூயிஸ் சார் பெரிய ஆள்தான். அவர் போட்ட கட்டை நானே சோதித்துப் பார்த்துவிட்டேன், பத்திரமாக இருக்கிறது. எதற்கும் நீக்க வேண்டிய பேர்களோடு உன் அத்தை பேரையும் சேர்த்துக்கொள்.