வியட்நாம் போன எலுமிச்சம்பழம்

புதுச்சேரியில் மழையே பயந்து ஒதுங்கிப் போகிற மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் உப்பளம் சித்ரோன்தான். கோயில் சுற்றுலா வேன் நடத்துகிறவர். வண்டி கிளம்பும்முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது ஊரில் எல்லாரும் செய்வது. இவர் கூடுதலாக ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "சக்கரத்துல இருக்கறது விபத்துக்கு, பையில இருக்கறது மழைக்கு" என்பார். பிரான்சில் இருந்துவிட்டு வந்த எதிர்வீட்டுக்காரர் எலுமிச்சைக்கான பிரெஞ்சு வார்த்தையால் அவரைக் கூப்பிடப் போக, தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. சொந்தப் பெயர் இப்போது அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம்தான்.

நவக்கிரகம், அறுபடை வீடு என்று சுற்றிக்கொண்டிருந்தவரை வியட்நாமுக்குக் கிளப்பியது என் வாய். ஒருநாள் பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கும்போது எதிரே வந்தார். வியட்நாமில் மீ சன் என்ற இடத்தில் பழைய சிவன் கோயில்கள் இடிந்து கிடக்கின்றன, லிங்கம் வெட்டவெளியில் நிற்கிறது என்று எங்கோ படித்ததை அளந்துவிட்டேன்.

"அபிஷேகம்?"

"அங்க யாருண்ணே பண்றது?"

"ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக்கூட ஆளில்லையா? இன்னாம்மா நீ, பூ வாங்கிக்கினே சாதாரணமா சொல்ற!"

அதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் பாதிப் பேரைச் சேர்த்து, விசா வாங்கி, ஐப்பசியில் டூர் போட்டுவிட்டார். "நீங்க அரண்மனை பாருங்க, கடை பாருங்க. எனக்கு அவர் தலையில ஒரு சொம்பு தண்ணி ஊத்தணும். அவ்ளோதான்." பித்தளைச் சொம்பும், பாட்டிலில் உப்பளத்துக் குழாய்த் தண்ணீரும் பெட்டியில் ஏறின.

விமானத்தில் முதல் சிக்கல். சக்கரத்துக்கு அடியில் பழம் வைக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். பணிப்பெண் பழத்தைப் பணிவோடு வாங்கிப் போனாள். திரும்பி வந்து, பைலட்டே பத்திரமாக வைத்துக்கொண்டதாகச் சொன்னாள். அந்தப் பொய்யை நான் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

ஹுவே நகரத்து அரண்மனையில் இரண்டாவது சிக்கல். பழைய இடம் என்றால் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது சித்ரோன் சட்டம். வாசலில் எல்லாரும் வரிசையாக விட்டோம். உள்ளே சுற்றிவிட்டு வேறு வாசல் வழியாக வெளியே வந்தோம். ராஜகோபுரத்தில் செருப்பை விட்டு அம்மன் வாசலில் வெளியேறுவது நமக்குப் பரம்பரைப் பழக்கம்தானே! சுடுகல்லில் கோட்டை மதிலைச் சுற்றித் துள்ளித் துள்ளி வந்து பார்த்தால், வெள்ளைக்காரப் பயணிகள் எங்கள் செருப்பு வரிசையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் கண்காட்சி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஹோய் ஆன் ஊரில் விளக்குத் தெருக்களைச் சுற்றினோம். அங்கும் ஒரு தூறல் இல்லை. எங்களோடு வந்த உள்ளூர் கைடு வானத்தை வானத்தைப் பார்த்தான். "இந்த மாதத்தில் இப்படி வெயிலா?" என்று ஆங்கிலத்தில் வியந்தான். சித்ரோன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "சரக்கு இங்க இருக்குது தம்பி!"

கடைசியாக மீ சன். சுற்றிலும் மலை, நடுவே சிவந்த செங்கல் கோபுரங்கள். வெட்டவெளியில், கயிறு கட்டிய இடத்தில் லிங்கம். சித்ரோன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு சொம்பைத் தூக்கினார். காவலுக்கு நின்ற அம்மாள் பாய்ந்து வந்து குறுக்கே கை நீட்டினாள்.

"மதாம், சில்வூப்ளே, ஒரே ஒரு சொம்பு!"

அவளுக்குப் பிரெஞ்சும் தெரியவில்லை, தமிழும் தெரியவில்லை. கைடுதான் விளக்கினான். பழைய கல், ஆளாளுக்கு ஊற்றினால் தேய்ந்துவிடும். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

சித்ரோன் சொம்பை இறக்கினார். "அவங்க சொல்றதும் நியாயம்தான். எங்க கோயில்ல எண்ணெ ஊத்தி ஊத்தி நந்திக்கு மூக்கே போயிடுச்சு." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

கைடுக்கு மனசு கேட்கவில்லை. "கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த மாதம் முழுக்க மழைதான் இந்தக் கல்லைக் குளிப்பாட்டும். இந்த வாரம்தான் ஏனோ பெய்யவில்லை."

நான் சொல்லி முடிக்கவில்லை. சித்ரோன் கை இடுப்பில் கட்டிய சட்டையின் பைக்குப் போனது. முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ! நானே இல்ல அவரைக் குளிக்க விடாம தடுத்துக்கினு இருக்கேன்!"

பழத்தை எடுத்தார். தூக்கி எறிய மனம் வரவில்லை. இரண்டு கைகளாலும் காவல் அம்மாளிடம் நீட்டினார். "எங்க ஊர்ல பெரியவங்களுக்கு மரியாதைக்குக் குடுப்போம்னு சொல்லும்மா." அவள் முகர்ந்து பார்த்தாள், சிரித்தாள், தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ மதாம்! பையில போடாதீங்க!"

அவர் அலறிய அலறலில் மலையே எதிரொலித்தது. விஷயம் இரண்டு மொழி தாண்டிப் போய்ச் சேர்ந்ததும் அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். தன் சாப்பாட்டுக் கூடையிலிருந்து கத்தியை எடுத்துப் பழத்தை அறுத்தாள், தன் தேநீரில் பிழிந்தாள், கடைசிச் சொட்டுவரை குடித்துக் காட்டினாள்.

காத்திருந்தோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கூட்டம் முணுமுணுத்தது. சித்ரோன் அசையவில்லை. கைடு வந்து அவர் தோளைத் தொட்டபோது லிங்கத்தின் மேல் ஒரு புள்ளி நனைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கொட்டித் தீர்த்துவிட்டது.

நாங்கள் மரத்தடிக்கு ஓடினோம். அவர் மட்டும் வெற்றுடம்போடு தலைமேல் கை குவித்து நின்று, "நல்லாக் குளி சாமி, நல்லாக் குளி!" என்று கத்திக்கொண்டிருந்தார். காவல் அம்மாள் குடையோடு போய் அவர் தலைக்குப் பிடித்தாள். வேண்டாம் என்று தள்ளிவிட்டார். அவளும் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

திரும்பி வந்தபின் ஐப்பசி மாதத்தில் மட்டும் அவர் பையில் பழம் இருப்பதில்லை. போன முறை திருவண்ணாமலையில் வேனோடு எல்லாரும் தொப்பலாக நனைந்தோம். "இன்னாண்ணே இது?" என்று கத்தினேன். "அங்க அவர் குளிக்கற மாசம்மா, கொஞ்சம் பொறுத்துக்க" என்றார்.

இப்போதும் உப்பளத்தில் மழை பிடித்தால் சித்ரோன் தெருவில் இறங்கி, கிழக்கே கடல் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். நானும் குடையை மடக்கிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.