அந்தோணியாரும் என் சாக்கடைப் பலகையும்

சேசு, மரி, சூசை துணை
சூரமங்கலம், சேலம்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தையும் என் மனைவியின் தம்பியுமான மார்ட்டின் அடிகளாருக்கு,

கிறிஸ்துராஜ் மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா செல்வமேரியும் நலம். ராசிபுரத்தில் தங்கள் நலமும் கோயில் நலமும் அறிய ஆவல். சின்ன வயதில் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு 'சாமி, சாமி' என்று கொஞ்சியவன் நான். இப்போது நிஜமாகவே சாமியாகிவிட்டதால் மரியாதை கொடுத்து எழுதுகிறேன். நடுவில் எங்காவது 'நீ' வந்துவிட்டால் மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். ஒரு நேர்ச்சை முறிந்ததா இல்லையா என்று தாங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் வீட்டு வாசலில் சாக்கடைக்கென்று தோண்டிய பள்ளம், நான் ரயில்வேயில் வேலை பார்த்த காலத்திலிருந்து திறந்தே கிடக்கிறது. கும்பிட்டபடி வந்த எல்லாக் கட்சிக்காரர்களும் நான் போட்ட பலகை மேல் நடந்து வந்துதான் "ஜெயிச்சதும் முதல் வேலை இதுதாங்க" என்றார்கள். ஜெயித்தவரும் மூடவில்லை, தோற்றவரும் கேட்கவில்லை. வெறுத்துப் போய், இதை மூடுகிற வரை ஓட்டே போடுவதில்லை என்று அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டேன். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர், எனக்கு அரசியலில் தொலைந்த நம்பிக்கையையும் பார்த்து ஏதாவது செய்வார் என்று நினைத்தேன். மெழுகுவர்த்தியும் பெரிதாகவே வைத்தேன்.

ஓட்டுச்சாவடி என் வீட்டுக்கு எதிர்ப் பள்ளிக்கூடம். தேர்தலன்று காலையில் லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அங்கிருந்து ஆள் வந்து நாற்காலி கேட்டார், கொடுத்தேன், நாற்காலி கொடுப்பது ஓட்டுப் போட்டதாகாது என்று மனசுக்குள் ஒரு முறை சொல்லியும் பார்த்துக்கொண்டேன், அப்புறம் ஃபேன் கேட்டார்கள், மோர் கேட்டார்கள், கடைசியில் சக்கர நாற்காலி படியேற வழியில்லை என்று என் பலகையையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் இந்தக் கரை, ஓட்டுச்சாவடி அந்தக் கரை. அந்தோணியாரே வழியை அடைத்துவிட்டார் என்று நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்தேன்.

படுத்தவனை எழுப்பியது ஓட்டுச்சாவடித் தலைமை அதிகாரி. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்று, "சார், மை பாட்டில் மூடி இறுகிப் போச்சு, ரயில்வேக்காரருன்னாங்க, திறந்து குடுங்க" என்று தூக்கிப் போட்டார். நான் கட்டிங் பிளேயரால் ஒரு திருகு திருகினேன் பார், மூடி கழன்றது, மையும் கொட்டியது. கொட்டினால் தரையில் கொட்டக் கூடாதா? சரியாக என் இடது ஆள்காட்டி விரலில், நகத்தோடு சேர்த்து. பாட்டிலை மூடி அவரிடமே திருப்பி எறிந்துவிட்டு சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தேன், விரல்தான் சிவந்தது.

காலையிலேயே ஓட்டுப் போட்டு வந்துவிட்ட உங்கள் அக்கா, "ஏங்க, யாருக்கும் தெரியாம யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டாள். அது கூடப் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னன், கட்சிக்காரன், சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "மை பட்டிருச்சுங்களா? இனி நீங்களே ஆசைப்பட்டாலும் ஓட்டுப் போட முடியாதுங்க சார்" என்று சிரித்தான்.

சாமி, அங்கேதான் எனக்குத் தலைக்கேறியது. வேண்டாம் என்று நான் சொல்வது வேறு, முடியாது என்று பொன்னன் சொல்வது வேறு. வேட்டிகூடக் கட்டாமல், லுங்கியையே மடித்துக் கட்டி ஒரே தாண்டாகத் தாண்டினேன். பாதி தூரம்தான் தாண்ட முடிந்தது. முழங்கால் வரை சாக்கடையோடு ஏறிப் போனதும் வரிசையே விலகி வழி விட்டது, அவ்வளவு மரியாதையை நான் ரயில்வேயில் கூடப் பார்த்ததில்லை. உள்ளே தலைமை அதிகாரி என் நாற்காலியில், என் ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு, "ஏற்கனவே மை இருக்கே சார்" என்றார். "நீ தூக்கிப் போட்ட பாட்டில்தானய்யா" என்று நான் போட்ட சத்தத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரே சாட்சி சொல்லி, நடுவிரலில் இன்னொரு கோடு போட்டு அனுப்பினார். போட்டுவிட்டேன். யாருக்கு என்று கேட்காதே, கோபத்தில் கண் தெரியவில்லை, பொன்னன் கட்சி இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பள்ளம் திறந்தே கிடக்கிறது, வார்த்தை தவறிவிட்டேன், அந்தோணியார் படத்துக்கு நேராக நிற்கக் கூசுகிறது. விழுந்தது நான்தான், ஆனால் விழ வைத்தது அவர் இல்லையா? தாங்கள் திருப்பலியில் எனக்காகக் கேட்டுச் சொல்லவும். ஆசீர்வாதம் தாங்கள்தான் தர வேண்டும். இருந்தாலும் மூத்தவன் என்பதால் என் பங்குக்கும் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன், வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அன்பு மாமா,
கிறிஸ்துராஜ்

பி.கு.: தீர்ப்பு இப்போதைக்கு வேண்டாம். சாக்கடையில் விழுந்தும் ஓட்டுப் போட்ட மனுஷன் என்று தெருவே கூடி, வருகிற உள்ளாட்சித் தேர்தலில் கவுன்சிலருக்கு நிற்கச் சொல்கிறது. நானும் தலையாட்டிவிட்டேன். சின்னம் பலகை கேட்கலாம் என்றிருக்கிறேன். ஜெயித்ததும் முதல் வேலை சாக்கடைதான் என்று நேற்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் வந்தேன். உங்கள் அக்கா மட்டும் கோயிலுக்குப் போய், இந்த மனுஷன் தேர்தலில் நிற்கிற காலம் வரைக்கும் ஓட்டே போடுவதில்லை என்று அதே அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டு வந்திருக்கிறாள்.